கதவுக்குப் பின்னால் கேட்ட குரல்

சினிமா படிக்கிற மாணவர்கள் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்கு மூன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. சூரியநெல்லிக்கு மேலே, மேகம் தரையில் நடந்து போகிற இடம் அது. காலையில் வீட்டு வாசலில் நின்றால் எதிர்மலை இருக்கும். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இருக்காது. எழுபதுகளின் அந்த வருஷங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு அப்படித்தான், பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் வருகின்றன.

மெட்ராஸிலிருந்து நான்கு பையன்களும் ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். யாரும் குடியிராத பழைய துரை பங்களாவில் ஒரு திகில் படம் எடுத்துக் காட்டினால்தான் அவர்களுக்குப் படிப்பு முடியுமாம். இப்படியும் ஒரு படிப்பு உண்டு என்று தெரிந்ததும் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டின் மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது.

அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலை எங்கள் சித்திக்குக் கிடைத்தது. சித்தி என்றால் அம்மாவின் தங்கை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களோடு இருந்தாள். இருபது வயது இருக்கும். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் சித்தி பேசுவதை நிறுத்தியிருந்தாள். சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. ரேடியோவின் சத்தத்தை யாரோ மெல்லக் குறைத்துக்கொண்டே போனது மாதிரி, ஒருநாள் முழுக்க நின்றுவிட்டது. எதிரே வைத்த தேநீர் ஆறி ஆடை படியும், அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் மூடுபனிக்குள் நடந்து அணைக்கட்டு வரைக்கும் போய்விட்டாள். அப்பா தேடிப் போய்க் கூட்டி வந்தார். அதிலிருந்து, கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா சித்தியைப் பின்னறையில் உட்கார வைத்து, வெளியே சங்கிலியை மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

“சித்தி தூங்குதா. தொறக்காத” என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கதவில் சாய்ந்துதான் பாடம் படிப்பேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் வராது. தூங்குகிறவர்கள் எதற்குச் சத்தம் போடப் போகிறார்கள் என்று நம்பினேன்.

பிறகு அப்பா அவளைக் கீழே மதுரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். லயத்தில் கேட்டவர்களிடமெல்லாம், தையல் படிக்கப் போயிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். சித்தி தெளிந்து திரும்பி வந்த அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வாசலில் நின்றார்கள். சித்திக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச காலம் எங்கள் எஸ்டேட்டில் நிறையப் பெண்கள் ஒரு கை இறுக்கமும் ஒரு கை தொளதொளப்புமாக நடமாடினார்கள்.

படத்தின் கதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நகரத்துப் பையன் ஒருவன் மலை பங்களாவுக்கு வருகிறான். அங்கே ஓர் அறையில் ஒரு பைத்தியக்காரப் பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவள் தப்பித்து வந்து, கத்தியோடு ஒவ்வொருவராகக் கொல்கிறாள். கதாநாயகனுக்குப் பெயர் உண்டு, அவன் சிநேகிதனுக்கு உண்டு, பங்களா நாய்க்குக்கூட உண்டு.

பைத்தியம் எப்படி இருக்கும் என்பதில் எங்கள் ஆட்கள் எல்லோருமே கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். டீக்கடைக்காரர் கண்ணை மேலே செருகிக் காட்டினார். கங்காணி தலையை ஒரு பக்கம் சாய்த்து இழுத்து இழுத்து நடந்து காட்டினார். ஆலயத்தில் பாட்டு நடத்துகிற அக்கா, சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று சிரித்தே காட்டியதில் அவளுடைய குழந்தை அழுதுவிட்டது. நடிக்க வந்த அந்த மெட்ராஸ் பெண் எல்லாவற்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். சித்தி ஒரு பக்கமாக உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்படி எல்லாம் கற்றுக்கொண்டவள், ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. கேமராவைத் திருப்பித் தர வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. நான்கு பையன்களில் தாடி வைத்திருந்த டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டுவந்த சித்தியின் கூந்தல் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

அவர் சித்தியை நடிக்கக் கேட்ட விஷயம் கேள்விப்பட்டு அம்மா கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தபடியே பங்களாவுக்கு ஓடி வந்தாள்.

“ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா சார்? இவ வேண்டாம்.”

“ரெண்டு நாள் வேலைதாம்மா. தங்கச்சி மாதிரி பாத்துக்குறோம். ஏன் வேண்டாங்கறீங்க?”

அம்மாவிடம் இருந்தது ஒரே காரணம். அதைத்தான் சொல்ல முடியாது.

“நான் நடிக்கேன்க்கா” என்றாள் சித்தி.

“ஏட்டி, ஒனக்கென்ன…” என்று ஆரம்பித்த அம்மா, அந்தக் கேள்வியின் மிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டாள்.

சித்திக்கு வெள்ளைச் சேலை கட்டினார்கள். கூந்தலை அவிழ்த்து முகத்தில் பரத்திவிட்டார்கள். கத்தி மரக்கட்டையில் செய்தது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சார், இந்தப் புள்ளைக்கு என்ன பேரு?”

“பேரா? பேரு கிடையாதும்மா. பைத்தியம், அவ்வளவுதான்.”

“ஏன் சார் கொல்லுதா?”

டைரக்டர் கொஞ்சம் யோசித்தார். “பைத்தியம்ல, அதான்.”

“சரி சார்” என்றாள் சித்தி.

அன்று பனி நல்ல கனம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெள்ளைச் சேலை தோன்றும், மறையும், எதிர்பார்க்காத இடத்தில் மறுபடி தோன்றும். கேமரா கிர்ரென்று ஓடுவது மட்டும் கேட்கும். சித்தி ஓடினாள், கத்தியை ஓங்கினாள், சிரித்தாள். டீக்கடைக்காரரும் கங்காணியும் பாட்டு அக்காவும் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தாள். செய்யச் செய்ய அவள் முகத்தில் ஒரு குஷி வந்தது. நடுவே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, அந்தப் பனி கலையவே கூடாது என்றும் இருந்தது. அம்மா ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் கடைசிக் காட்சி. பூட்டிய அறைக்குள்ளிருந்து பைத்தியம் கதவை இடித்துக் கத்த வேண்டும். கேமரா வெளியே கதவைத்தான் பார்க்கும். சித்தி உள்ளே போனாள். கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டினார்கள். டைரக்டர் கை காட்டினார். கேமரா ஓடியது, டேப் ரிக்கார்டர் சுற்றியது.

ஒரு சத்தமும் வரவில்லை.

“என்னம்மா, தட்டும்மா. சத்தமா!”

மறுபடி ஓடவிட்டார்கள். பனி தாழ்வாரத்துக்குள் புகுந்து எங்கள் காலடியில் நெளிந்தது. உள்ளே யாருமே இல்லாத மாதிரி இருந்தது. டைரக்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், அம்மா எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய்ச் சங்கிலியைக் கழற்றினாள்.

சித்தி ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

“ஏட்டி… என்னயப் பாரு. ஏட்டி!”

சித்தி பார்த்தாள். கண்கள் தெளிவாகத்தான் இருந்தன. “எனக்கு ஒண்ணுமில்லக்கா. இது மட்டும் எனக்கு வரல” என்றாள். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், “தட்டுனா யாரு வருவா?” என்று கேட்டாள்.

அம்மா எழுந்து, சித்தியைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள்.

“சார், கதவுதான தெரியும்? உள்ள யாரு நின்னா என்ன? நான் தட்டுதேன். பூட்டுங்க.”

டைரக்டர் யாராவது தட்டினால் சரி என்கிற நிலையில் இருந்தார். சங்கிலியை மாட்டினார்கள்.

அம்மா தட்டினாள். முதலில் கையால், பிறகு தோளால். கதவு நிலையோடு அதிர்ந்து, மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. “தொறங்க… தொறந்து விடுங்க… நான் உள்ள இருக்கேன்” என்று அவள் கத்தியது கீழ்ச்சரிவு வரை கேட்டதாம். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். எங்களை அதட்டும்போதுகூட அம்மா அந்தக் குரலை எடுத்ததில்லை. டைரக்டர் போதும் என்று கை காட்டியது உள்ளே இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா நிறுத்தவில்லை. கடைசியில் சித்திதான் போய்ச் சங்கிலியைக் கழற்றினாள். அம்மா வெளியே வந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சித்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, “வந்துட்டேன்லக்கா, வந்துட்டேன்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் டைரக்டர் சொன்ன சொல் தவறாமல் படத்தைக் கொண்டுவந்து, ஒரு சாயங்காலம் எஸ்டேட் கிளப்பின் சுவரில் காட்டினார். சித்தி சிரித்தபோது குழந்தைகள் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தார்கள். கதவுக் காட்சியில் கிளப்பே மூச்சுவிடவில்லை. முடிந்ததும் எல்லோரும் சித்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கத்தலைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். சித்தி மறுக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைத்தியம் என்றால் அதுதான், வெள்ளைச் சேலையும் கத்தியும் சிரிப்பும்தான் என்று அன்றைக்கு எஸ்டேட் முழுக்க முடிவாகிவிட்டது. அதனால் பின்னொரு மழைக்காலத்தில் சித்தி சில வாரங்கள் பேசாமல் இருந்தபோது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. நடிகைக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். இந்த முறை அம்மா வேலைக்குப் போகும்போது சித்தியையும் தன் பக்கத்துத் தேயிலை நிரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு குமுளியில் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிற ஒருவருக்குச் சித்தியைக் கட்டிக்கொடுத்தோம். அவரிடம் அம்மா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

ஆனால் படம் பார்த்துவிட்டுத் திரும்பிய அந்தச் சாயங்காலம் எனக்கு வேறொரு கவலை. அம்மாவும் சித்தியும் கைகோர்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். பனியில் அவர்கள் இரண்டு பேராகவும் தெரிந்தார்கள், ஒருத்தியாகவும் தெரிந்தார்கள். நான் ஓடிப்போய் நடுவில் புகுந்தேன்.

“யம்மா, ஒங்களுக்கும் சினிமால நடிக்கணும்னு ஆசையா?”

சித்திதான் குனிந்து, “ஆமாட்டி. ஒங்கம்மாவுக்கு ரொம்ப நாளாவே ஆசை” என்றாள்.

எனக்கு அந்த டைரக்டர் மேல் பொல்லாத கோபம் வந்தது. அவ்வளவு நன்றாகக் கத்தியிருக்கிறாள், அம்மாவின் முகத்தை ஒரே ஒரு தடவையாவது காட்டியிருக்கக் கூடாதா?