குட்டனுக்கு யார் பழம் உரிப்பது?

போன வாரம் முழுக்க ஒரு குரங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எல்லைத் தாலூகாக்கள் தமிழுக்கா மலையாளத்துக்கா என்று ஊரே தொண்டை கிழியக் கத்துகிறது, இவள் என்னடாவென்றால் குரங்கைப் பற்றி எழுதுகிறாளே!" என்று முணுமுணுப்பவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். தாலூகாவுக்காகப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குட்டனுக்கு யார் இருக்கிறார்கள்?

குட்டன் என் அக்கா மங்களம் வீட்டுக் குரங்கு. அக்கா இருப்பது கரமனை அக்ரகாரத்தில். நாலு வருஷத்துக்கு முன் அத்திம்பேர் ஆபீஸ் காரியமாக வித்துரா மலைப் பக்கம் போனபோது, லாரியில் அடிபட்டுச் செத்த தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி கிடந்ததாம். மனுஷருக்கு விட்டுவிட்டு வர மனசில்லை. மேல்துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். குழந்தை இல்லாத வீடு. அக்கா பஞ்சில் பாலை நனைத்துக் கொடுத்து வளர்த்தாள்.

வளர்ந்த பிறகுதான் வினை வந்தது. ஓட்டுக்கு ஓடு தாவுவது, பக்கத்து வீட்டு வடாமை வாரிக்கொண்டு ஓடுவது, எதிர்வீட்டு மாமாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவது... தெருவே திரண்டு வந்து, "குரங்கா, நாங்களா?" என்று கேட்டுவிட்டது. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டு கட்டிக் குட்டனை உள்ளே விட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வெளியே இருந்தவரை 'சனியன்' என்றவர்கள், கூண்டுக்குள் போனதும் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஆஞ்சநேயர் அல்லவா! சனிக்கிழமை தவறாமல் வடை வந்தது. மற்ற நாளில் பழம்.

சுவாமிக்கு நைவேத்தியம் வைக்கும்போது வாழைப்பழத்தை லேசாக உரித்துத்தானே வைக்கிறோம்? தேங்காயை உடைத்துத்தானே வைக்கிறோம்? அந்த மரியாதை குட்டனுக்கும் கிடைத்தது, அதுவும் பத்து மடங்காக! நிலக்கடலை என்றால் உடைத்து, மேல்தோலையும் தேய்த்து ஊதிக் கொடுப்பார்கள். பலாச்சுளை என்றால் கொட்டை நீக்கி. ஆரஞ்சு என்றால் நார் எடுத்து. அக்கா இன்னும் ஒரு படி மேல் — துண்டு துண்டாக நறுக்கி வாயிலேயே போடுவாள்.

அவனுக்கு மிச்சம் இருந்த வேலை வாயைத் திறப்பது ஒன்றுதான்.

போன மாதம் நான் போனபோது திடுக்கிட்டுப் போனேன். இடது கையில் முழங்கைவரை ஒரு ரோமம் இல்லை! தானே பிடுங்கியிருக்கிறான். பிடுங்க ரோமம் தீர்ந்ததும் தோலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான். மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவான். ஆட்டம் நின்றால் கை வாய்க்குப் போகும். பார்க்கச் சகிக்கவில்லை.

போன வாரத் தொடக்கத்தில் மிருக டாக்டர் வந்தார், அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். மலையாளத்துக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசுவார்.

"அம்மா, இதுக்குத் தீனம், வியாதி ஒண்ணும் இல்லா. தானே கடிச்சுக்குது. மருந்து தடவினா நக்கிக் களையும், கட்டினா அவிழ்த்துக் களையும். புண்ணு பழுத்தா துடிச்சுத் துடிச்சுச் சாகும். அதுக்கு முன்னாலே ஒரு இஞ்சக்ஷன் போட்டா, பாவம், சுகமா உறங்கிப் போகும்" என்றார். "திங்கட்கிழமை வாரேன். அப்பவும் இப்படியேதான்னா வேற வழியில்லா."

அவர் போனதும் அக்கா வெடித்தாள்.

"என் கையாலே பால் குடுத்துட்டு, அந்தக் கையாலேயே அவனைப் பிடிச்சுண்டு ஊசி போடச் சொல்லணுமாக்கும்? ஏண்டி, நான் என்ன குறை வெச்சேன் அவனுக்கு?"

குறை எதுவும் வைக்கவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

சாப்பாடு இறங்காமல் அக்கா ஜுரத்தில் படுத்துவிட்டாள். அத்திம்பேர் ஆபீஸுக்கு லீவு போட்டார். நான் துணைக்குப் போய்விட்டேன். கஞ்சி என் பொறுப்பு, குட்டன் அத்திம்பேர் பொறுப்பு.

அத்திம்பேரைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கமான மனுஷர். ஆனால் குடித்த காப்பி டம்ளரை நகர்த்தி வைத்தும் அறியாதவர். அவர் பாட்டுக்குப் பாதிப் பலாப்பழத்தை முள்ளும் தோலுமாகக் கூண்டுக்குள் தள்ளிவிட்டார்! கூடவே, சாலை மார்க்கெட்டிலிருந்து வந்த நிலக்கடலை, மண்ணோடு அப்படியே.

"என்ன அத்திம்பேரே, உரிக்கலையா?"

"எனக்கெங்கே தெரியும் சக்கைப்பழம் உரிக்கறதுக்கு! கையெல்லாம் பிசின் ஒட்டறது. பசிச்சாத் தின்னட்டும்."

குட்டன் பழத்தைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பிறகு, நாங்கள் வந்து ஊட்டுவோம் என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டில் என் கணவர் இலை முன்னால் இப்படித்தான் உட்காருவார்.

ஒருவரும் ஊட்டவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தான். ஒரு விரலால் முள்ளைத் தொட்டான். முகர்ந்தான். புரட்டினான். ஒரு சுளையைப் பிடித்து இழுத்தான் — வரவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை உதைத்துக்கொண்டு இழுத்தான் பாருங்கள்... சுளையோடு மல்லாந்து விழுந்தான்! பிசின் விரலில் ஒட்டியது. கம்பியில் தேய்த்தான், தரையில் தேய்த்தான், தன் வயிற்றிலேயே தேய்த்தான். மறுபடி இழுத்தான். அப்புறம் கடலை. ஒவ்வொன்றாக உடைத்தான். எல்லாம் தீர்ந்த பிறகும் தப்பியது ஏதாவது உண்டா என்று தோலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் போய் வெயில் தாழ்ந்துவிட்டது, குட்டனின் வாய் இன்னும் அந்தக் கைக்குப் போகவில்லை!

"அத்திம்பேரே, ஓடி வாங்கோ!" என்றேன். வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"கஷ்டம்! இத்தனை நாளும் வெறுதே, சும்மா ஒக்கார வெச்சிருந்தோமேடி இவனை. ரெண்டு கையைக் குடுத்த பகவான் வேலையும் சேர்த்துத்தானே குடுத்தார்?"

அதற்குப் பிறகு அந்த மனுஷரைப் பிடிக்க முடியவில்லை. தேங்காய் மட்டைக்குள் பொட்டுக்கடலையைத் திணித்தார். புளியங்காயைத் துணியில் போட்டு முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கூண்டின் உச்சியில் தொங்கவிட்டார். வைக்கோலைப் பரப்பி அதற்குள் அவலைத் தூவினார். மரக்கிளைகளை வெட்டி வந்து குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். காப்பி டம்ளர் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது, அது வேறு விஷயம்.

தெருவில் ஒரே அமளி. "உரிக்காம போடறேளே, அடுக்குமா?" என்று எதிர்வீட்டு மாமி கையைப் பிசைந்தாள். படுத்திருந்த அக்காவோ அழுதே விட்டாள். "மாட்டுக்குப் போடற மாதிரி போடறேளாமே! உசிரோட இருக்கப்போற நாலு நாளாவது கௌரவமா இருக்கக்கூடாதோ அவன்?"

நாம் மட்டும் என்ன? பாசம் என்று வந்துவிட்டால் நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று — அடுத்தவர் கையில் இருக்கிற வேலையைப் பிடுங்கிக்கொள்வது. பென்ஷன் வாங்கிய அப்பாவிடமிருந்து கடைப்பையைப் பிடுங்குகிறோம். பிள்ளைத்தாய்ச்சியிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்குகிறோம். பிறகு, 'ஏன் முகம் வாடிக் கிடக்கிறது?' என்று டாக்டருக்கு ஆள் அனுப்புகிறோம்.

திங்கட்கிழமை டாக்டர் பையோடு வந்தார். ஜுரம் விட்டிருந்த அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். டாக்டர் கூண்டின் முன் குந்தி உட்கார்ந்தார். குட்டன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி முடிச்சு ஒன்று அவிழ மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் நெடுநேரம் அந்த இடது கையையே பார்த்தார்.

"புண்ணு உணங்கிக் காஞ்சிருக்கே!" என்றார். "அம்மா, என்ன மருந்து கொடுத்தீங்க?"

அத்திம்பேர் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். "அப்போ இஞ்சக்ஷன் வேண்டா. ஆனா கூடு கூடுதானே? இன்னும் கொஞ்சம் பெரிசாக் கட்டுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அக்கா அங்கேயே கைகூப்பினாள். உள்ளே போய் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்தாள். கூண்டருகே வந்ததும் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் காம்புக்குப் போனது. நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பழத்தையும் நீட்டினாள்.

குட்டன் வாங்கினான். ஒரே இழுப்பில் தோலை உரித்தான். பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தோலை அக்காவின் முகத்தில் விட்டெறிந்தான்!

"பாத்தியாடி, அவனே உரிச்சுட்டான்!" — அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

உரிக்க அவனுக்கு எப்போதோ தெரியும். சும்மா இருக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.