பாதி வெயில், பாதி நிழல்: சுழல் கமராவோடு பட்ட பாடு

வெயில் இல்லாமல் படம் பிடிக்க முடியாது. வெயிலோடும் பிடிக்க முடியாது என்பதைச் சுழல் கமரா வாங்கிய பிறகுதான் கண்டுகொண்டேன்.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். வெள்ளவத்தையில் எனக்கொரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. பெரிய கூட்டங்களை ஒரே நீளப் படத்தில் அடக்கலாம் என்று அந்தக் கமராவை வாங்கினேன். சாவி முறுக்கிவிட்டால் அது தன் காலின் மேல் நின்றபடி மெதுவாகத் திரும்பி, ஒரு தெரு நீளத்தையும் பிடித்துவிடும். தொல்லை என்னவென்றால், அது திரும்புகிற வழியில் ஒரு முனையில் வெயில் கொளுத்தும், மறுமுனையில் நிழல் இருண்டு கிடக்கும். உள்ளே விடும் வெளிச்சத்தையோ தொடங்குமுன் ஒரே அளவில்தான் வைக்கலாம். வெயிலுக்கு வைத்தால் நிழலில் நிற்பவர் கரி. நிழலுக்கு வைத்தால் வெயிலில் நிற்பவர் சுண்ணாம்பு. இந்தத் தொழிலில் வெந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் கேளுங்கள்.

ஹாஜியாரின் வெள்ளைப் புடவை

காலி வீதி என்னும் பெருந்தெருவில் புடவைக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், கடையும் வேலையாட்களும் வீதியும் ஒரே படத்தில் வரவேண்டும் என்றார். கடை மேற்கே பார்த்தது. "பின்னேரம் வாறன் ஹாஜியார், வெயில் நேரா முகங்களில விழும்" என்றேன். பெருநாள் வியாபாரம், பின்னேரம் மூச்சுவிட நேரமில்லை என்று உச்சி வெயிலுக்கே வரச்சொன்னார். போய்ப் பார்த்தால் வீதி கண்ணைக் குத்துகிறது. முகப்புத் தகரத்தின் நிழலில் வேலையாட்கள் வரிசையாக நிற்கிறார்கள். பல் மட்டும்தான் தெரிகிறது.

கடையிலிருந்தே ஒரு கட்டு வெள்ளைப் புடவைத் துணியை எடுத்து, அவர்களுக்கு முன்னால் வெயிலில் நீளமாக விரிக்கச் சொன்னேன். அதில் பட்ட வெளிச்சம் மேலே தெறித்து முகங்கள் துலங்கின. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. சாவி முறுக்கப் போகிறேன், சனம் வந்து முன்னால் மறைக்கிறது. விலத்திவிட்டால் இன்னும் பத்துப்பேர் வருகிறார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள்; ஒருவர் மடியிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹாஜியார்தான் வந்து காதோடு சொன்னார்: "தம்பி, செத்தவங்களச் சுத்துற கபன் துணி விரிச்சிருக்கு எண்டு நெனச்சு, கடையில யாரு மவுத்து எண்டு கேட்டு சனம் கூடுது. சுருக்கா சுருட்டுங்க."

மதர் கேட்ட மேகம்

கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் மடப் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதிப்பேர் மாமர நிழலில், பாதிப்பேர் வெட்டவெளியில். இடம் மாற்றப் பெரிய மதருக்குச் சம்மதமில்லை. "சின்ன மேகம் ஒண்டு சூரியனை மறைச்சால் போதும் மதர், வெளிச்சம் எல்லாருக்கும் ஒரே மாதிரி விழும்" என்றேன். அவர் உடனே பிள்ளைகளைக் கைகூப்பச் சொல்லிச் செபம் தொடங்கிவிட்டார். செபம் முடியுமுன்பே கடற்பக்கமிருந்து மேகம் வந்தது. பின்னாலேயே மழையும் வந்தது. இருந்த ஒரே குடையைக் கமராவுக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தபடி ஓட, விறாந்தையிலிருந்து மதர் கேட்டார்: "நீங்கள் மேகம்தானே கேட்டனீங்கள், மகன்? மழை வேண்டாமெண்டு முதலே சொல்லியிருக்கலாமே."

துரையின் தொப்பி

ஒரு அரசாங்கக் கந்தோரில் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பப் போகிறார், பிரியாவிடைப் படம். முற்றத்தில் கிளாக்கர்மார் எல்லோரும் வெறுந்தலையோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் துரை, தலையில் அகலமான வெயில் தொப்பி. அதன் நிழல் நெற்றியிலிருந்து தாடைவரை இறங்கியிருந்தது. தொப்பியைக் கழற்றச் சொல்லும்படி பெரிய கிளாக்கரிடம் கெஞ்சினேன். "துரைக்கு நான் சொல்லுறதோ? விசர்க்கதை கதையாதையும்" என்றார்.

சரி, சைகையால் காட்டுவோம் என்று என் தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக் காட்டினேன். நான் மரியாதை செய்வதாக நினைத்து, துரை தன் தொப்பி விளிம்பைத் தொட்டுத் தலையசைத்தார். திரும்பவும் காட்டினேன், திரும்பவும் தொட்டார். இப்படியே நாள் போய்விடும் என்று கமராவைச் சுழல விட்டேன். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரிய கிளாக்கர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். எல்லா முகமும் பளிச்சென்று இருந்தது, ஒன்றைத் தவிர. "கந்தோரிலேயே கறுத்தவர் துரைதான் எண்டு உம்மட படம் சொல்லுது. இதை நான் எந்த முகத்தோட அவரிட்டக் குடுக்கிறது?"

நிழலை விடாதவர்

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களை ஒரு பண்டகசாலை முன்னால் நிறுத்திப் பிடித்தேன். எல்லோரும் வெயிலுக்கு வந்துவிட்டார்கள். வரிசைக் கடைசியில் ஒருவர் மட்டும் சுவர் நிழலை விட்டு அசையவில்லை. தொண்டை கட்டக் கத்தினேன். "நாள் முழுக்க வெயிலிலதானே நிக்கிறம், படத்திலயாவது நிழலில நிப்பம்" என்றார். கோபத்தில் கமராவைச் சுழல விட்டேன். அந்த முனை கரியாகத்தான் வந்தது.

சில மாதம் கழித்து வத்தளையிலிருந்து ஒரு பெண் அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். கரி முனையில் விரலை வைத்தார். "இதில நிக்கிறது என்ர மனுசன். காய்ச்சலில போயிட்டார். வேற படம் எங்களிட்ட இல்லை." எனக்கு அந்த மனிதர்மேல் முதலில் வந்தது பழைய கோபம்தான். சொன்னதைக் கேட்டிருந்தால் முகம் இருந்திருக்குமே. இருட்டறைக்குள் போய், என்னிடமிருந்த பிலிமில் அந்த முனையை மட்டும் பெரிதாக்கி, தாளில் விடும் ஒளியைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். ஒரு தாள் கரியானது, அடுத்தது வெளிறிப் போனது. தாள்களைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். கடைசியில் ஒரு தாளில் சாம்பல் நிறமாகக் கன்னமொன்று தெரிந்தது. பிறகு வாய். மனிதர் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கத்தியதைப் பார்த்துத்தான்.

அந்தப் பெண் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தார். "ஓம், இவர்தான். நான் கூப்பிட்டாலும் இப்பிடித்தான் சிரிச்சுக்கொண்டு நிப்பார், வரமாட்டார்."

சூரியன் நம் சொல் கேட்டு நகராது, மனிதரும் நகரமாட்டார்கள். அந்தக் கமராவைவிட அதிகமாகச் சுற்றியது நான்தான்.