இரண்டு டாலர் கொலம்பஸ்

என் வீட்டுக்காரருக்கு இரண்டே கெட்ட பழக்கம். ஒன்று, சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவது. இன்னொன்று ஸ்டாம்பு. முதலாவதைக் கத்திக் கத்தித் திருத்திவிட்டேன். இரண்டாவதிடம் தோற்றுப்போனேன்.

போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். பல நாட்டுக் கடிதங்கள் வந்து போகிற இடம். கவர் மூலையைக் கத்தரித்து எடுத்து வருவார், தண்ணீரில் ஊறவைப்பார், ஸ்டாம்பு கழன்றதும் என் சமையல் துணியில் பரப்பிக் காயவைப்பார். ஓசியில் வருவதுதானே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமாகி நாலாவது வருஷம் போனஸ் வந்தது. கிள்ளான் கடை ஒன்றில் நான் ஒரு பிரிட்ஜ் பார்த்து வைத்திருந்தேன். அவர் கோலாலம்பூர் போய் ஒரே ஒரு ஸ்டாம்போடு வந்து நின்றார். கொலம்பஸ் கப்பலில் போய்ச் சேர்ந்து நானூறு வருஷம் ஆனதென்று அந்தக் காலத்து அமெரிக்காவில் அடித்தது. இரண்டு டாலர் மதிப்பு போட்டது. காய்ந்த ரத்த நிறம். கொலம்பஸ் சங்கிலியோடு நிற்கிறான்.

நான் கத்தித் தீர்த்தேன். அவரோ பொறுமையாக விளக்கினார். முன்பக்கப் படம் எல்லோரும் பார்ப்பதற்கு, விலை இருப்பதோ பின்பக்கத்தில். நூறு வருஷமாகியும் யாரும் நாக்கில் தடவாத பசை அப்படியே இருக்கிறதாம். எவன் எச்சிலும் படாத பசைக்காகவா என் பிரிட்ஜ் போச்சு என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பல தடவை தோற்றிருக்கிறேன்.

முன்னால் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கும் பின்னால் கறுப்புத் தாளும் வைத்த, மேலே மட்டும் திறந்த ஒரு சின்ன உறையில் அதைப் போட்டு ஆல்பத்தில் ஒட்டினார். கை வேர்வை பட்டால் பசை கெடும் என்று, அவரே கூட அதன் பிறகு அதை வெளியே எடுத்ததில்லை. ஆல்பத்தைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். அவ்வளவுதான்.

அவருடைய அண்ணன் தம்பிகள் அவருக்குத் தபால்காரன் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து, கொலம்பஸ் இப்போ என்ன விலை போகிறான் என்று கேட்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அன்றைக்கு மட்டும் தட்டில் பாதிச் சோறு மிஞ்சியிருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் கல்லீரலில் கட்டி என்றார்கள். மாசக் கணக்குதான் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். பண்டமாரானில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டோம். ஒரு நாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஸ்டாம்புக்கு விலை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டு என்றார். இப்போது எதற்கு என்று எரிந்து விழுந்தேன்.

"நான் ஏமாந்தவனா இல்லையான்னு தெரிஞ்சிக்கிட்டுப் போயிடுறேன்மா," என்றார்.

ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். ரயிலேறிப் போனேன்.

பிரிக்பீல்ட்ஸில் பழைய பிளாட் ஒன்றில் இரண்டாவது மாடி. விலை பார்க்கிறவருக்கு எழுபது வயதிருக்கும், கத்தோலிக்கர், சுவரில் ஏசுநாதர் படத்துக்குக் கீழே மேசை. முன்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நல்ல அழகான ஸ்டாம்பு என்றார். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சின்ன இடுக்கியை உறைக்குள் விட்டு ஸ்டாம்பை மெல்ல இழுத்தார். அது அசையவில்லை. ஆல்பத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"தங்கச்சி, இதுல சந்தன வாசனை வருதே?"

ஆல்பத்தை வாங்கி நானும் மோந்து பார்த்தேன்.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் மகளின் பாடப் புத்தகங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பேன். ஆல்பத்தையும் வைப்பேன். கப்பலுக்கு ஏது பண்டிகை, அவர் வேலைக்குப் போயிருப்பார். மற்ற புத்தகங்களுக்கு அட்டையில் பொட்டு. ஆல்பத்துக்கு மட்டும் கொலம்பஸ் பக்கத்தைத் திறந்து, அந்த உறையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். மனுஷன் இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறாரே, இதற்கு ஒரு நல்ல காலம் வரட்டும் என்றுதான். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். பிளாஸ்டிக் மேல்தானே வைக்கிறோம் என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் துடைத்தும் விடுவேன். அவர் ரிட்டயர் ஆகி, தானே பூசைக்கு எடுத்து வைக்கும் வரைக்கும், பத்துப் பதினைந்து வருஷம் இப்படிச் செய்திருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் துளித்துளியாகப் பன்னீர் திறந்த வாய் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. பசை கரைந்து, ஸ்டாம்பு கறுப்புத் தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

உரித்தால் கிழிந்துவிடும், இப்படியே விட்டுவிடுங்கள் என்றார் பெரியவர். பசை கெடாமல் இருந்திருந்தால் ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்குகிற காசு போகுமாம். இப்போது ஒரு மாசத்துக்குப் பாசாரில் காய்கறி, மீன் வாங்குகிற காசு வரலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தமிழர் வீட்டு ஸ்டாம்பில் இதெல்லாம் சகஜம், எங்கள் கத்தோலிக்க ஆட்கள் வீட்டில் மெழுகுவர்த்தி சொட்டியிருக்கும் என்றார். சமாதானம் சொல்கிறாராம். எனக்கு அந்த மேசையிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வரும்போது, என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி போர்ட் கிள்ளான் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டேன்.

அவர் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஒரு நல்ல மோட்டார் வாங்கலாமாம்ங்க," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். உடனே தம்பிக்குப் போன் போடச் சொல்லி, தன் காதிலும் விழுகிற மாதிரி அந்த விலையை என்னையே சொல்ல வைத்தார். அன்றைக்குக் கஞ்சி முழுவதும் குடித்தார். சொன்ன பொய் புண்ணியம்தான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன், ஒரே ஒரு நாள்.

மறுநாள் காலையில், "அப்ப வித்துரு," என்றார்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். "எனக்கப்புறம் ஒனக்குன்னு கையில கொஞ்சம் இருக்கணும்லா. பிரிட்ஜ கெடுத்தவன் நானு," என்றார். நாள் முழுக்க அதே பேச்சு. மூன்றாம் நாள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போவது மாதிரி போய், பாசாரில் கால் கடுக்கச் சுற்றிவிட்டு வந்தேன். கொலம்பஸ் உறையை ஆல்பத் தாளிலிருந்து மெல்லப் பெயர்த்து, சாமி அறையில் சரஸ்வதி படத்துக்குப் பின்னால் செருகினேன். வித்தாச்சு, காசை பேங்கில் போட்டாச்சு என்றேன்.

ஆல்பத்தைக் கொடு என்று கை நீட்டினார். அந்தப் பக்கத்தைத் திறந்து நெஞ்சின் மேல் வைத்தேன். மற்ற இடமெல்லாம் பழுப்பாகிப்போன தாளில், உறை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில் விரலை வைத்துத் தடவினார். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காது வரைக்கும் வழிந்தது. விற்க அவருக்கு மனசே இல்லை. எனக்காக விற்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்வார். ஸ்டாம்பு சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடியில் இருந்தது. எடுத்து வந்து கையில் கொடுத்தால் நான் பொய் சொன்னது தெரியும், கெட்டது தெரியும், கெடுத்தது யார் என்பதும் தெரியும். ஒவ்வொரு நாளும் சாமி அறை வரைக்கும் போய், விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடைசியாக அவர் புரிகிற மாதிரிப் பேசியதும் அதைப் பற்றித்தான்.

"வாங்கினவருகிட்ட, வெளிய எடுத்துக் கையால தொடக்கூடாதுன்னு சொன்னியா?"

"சொன்னேங்க," என்றேன்.