மஞ்சள் பூசாத ஜன்னல் மேடை

பழைய நீதிமன்றத்து மாடியில் ஜன்னலடிக் கல் மேடை ஒன்று இடிபடாமல் தப்பியதற்குக் காரணம், மஞ்சள் பென்சில் தீர்ந்துபோனதுதான் என்று ஒரு பேச்சு. கட்டடத்தை மாற்றும் வரைபடத்தில் மஞ்சள் பூசினால் இடி, சிவப்பு பூசினால் கட்டு, எதுவும் பூசாவிட்டால் தொடாதே. சரி, அதற்காக? பென்சில் இல்லையென்று அரசாங்கம் எதையாவது இடிக்காமல் விட்டிருக்கிறதா என்ன?

விசாரிக்கப் போனேன். படத்தை வரைந்தவர் இப்போது ஓய்வில் இருக்கிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே மஞ்சக்கா.

"தீரல. ஒளிச்சு வச்சேன்" என்றார், கதவைத் திறந்த கையோடு.

உள்ளே கணவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை.

வரைபடக் கூடத்தைப் பற்றிப் பேசினால் அக்காவுக்கு முகம் இளகிவிடுகிறது. சிந்திய மையை பிளேடால் சுரண்டுவது, நகலெடுக்கும் அறையிலிருந்து கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி... "அந்த நெடி போனதுலருந்து எனக்கு ஜலதோஷமே விடமாட்டேங்குது."

லிஃப்டுக்காக மேடையை இடிக்கும் உத்தரவு அவர் மேசைக்கே வந்தது. அதற்குச் சில வருடம் முன்புதான், விவாகரத்து வழக்குக்காக அக்காவும் கணவரும் அதே மேடையில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடத் தாமதமானது. வெயில் விழுந்ததால் அக்கா நடுவே நகர்ந்தார். கணவரும் நடுவே நகர்ந்தார்; எதற்கு என்பதற்குச் சாட்சி இல்லை.

"'தப்பு என்மேலதான். வீட்டுக்கு வா, முறையா மன்னிப்பு கேக்குறேன்'னாரு. நானும் நம்பி வழக்கை வாபஸ் வாங்கிட்டேன்."

படத்தைப் பார்த்த பொறியாளர் கேட்டாராம்: "ஏம்மா, மேடைக்கு மஞ்சள் எங்க?"

"தீந்துபோச்சு சார்."

"அப்ப லிஃப்டு எங்க போகும்?"

"பக்கத்துல பழைய காகிதம் கட்டி வச்ச அறைக்கு. காகிதம் இடம் மாறிக்கும் சார், கல்லு மாறாது."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப படம் முழுசும் நீயே திரும்ப வரை."

வரைந்தார். இப்போதும் இருவரும் அவ்வப்போது போய், லிஃப்டில் ஏறாமல் மூச்சு வாங்கப் படியேறி, அந்த மேடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

"ஒரு கல்லுக்கா அக்கா இத்தனை பாடு?"

"மன்னிப்பைக் கடன் சொன்ன இடத்தை இடிச்சுட்டா, நாளைக்கு இவரு 'எந்த மேடை?'ன்னு கேப்பாரே!"

கணவர் பக்கம் திரும்பினேன். "கேட்டுட்டீங்களா சார், மன்னிப்பு?"

"முறையா கேக்குறேன்னு சொல்லியிருக்கேன்ல" என்றார், பட்டாணியிலிருந்து தலை நிமிராமல். "அவசரப்பட்டா எப்படி?"