கம்பெனிச் சேலை

எங்கள் வீட்டில் குப்பைத்தொட்டி கிடையாது. குப்பை சேர்ந்தால்தானே தொட்டி வேண்டும் என்பார் அப்பா. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அவருக்கு வேலை. எந்தப் பொருளும் நாலு வேலை பார்க்காமல் வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்பது அவர் சட்டம். கலர் விலகிப்போன காலண்டர் தாள்கள் என் நோட்டுகளுக்கு அட்டையாகும். மூன்று கண்ணுள்ள லட்சுமியைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். கிழிந்த அட்டை அலமாரிக்கு விரிப்பாகி, கடைசியில் அடுப்பெரிக்கப் போகும். அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு. அம்மாவின் பழைய சேலை தம்பிக்குத் தொட்டில், பிறகு போர்வை, கந்தலானதும் சோற்றுப்பானை இறக்குகிற கரித்துணி.

ஒரே ஒரு சேலையிடம் மட்டும் இந்தச் சட்டம் செல்லவில்லை. அம்மா பட்டாசுக் கம்பெனிக்குக் கட்டிப்போகும் நீலச் சேலை அது. வேலை விட்டு வந்ததும் கொல்லைப்புறத்திலேயே அதை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். எங்கள் துணிகளோடு அதைச் சேர்த்துத் துவைக்க மாட்டாள். வெளிக்கொடியில் தனியாகக் கிடக்கும். வெயில் பட்டால் அதன் மடிப்புகள் வெள்ளியாக மினுங்கும். எனக்கு அந்தச் சேலைமேல் தீராத ஆசை.

தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது நடுவில் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். அம்மா அடுப்பில் சோறு வைத்துவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாள். அப்பா வந்தால் மெச்சிக்கொள்வார் என்ற நினைப்பில் கத்தரிக்கோலை எடுத்து ஒரு துண்டு வெட்டினேன். மிச்சச் சேலையைத் தோளில் சுற்றிக்கொண்டேன். புதுக் கரித்துணியோடு பானையை இறக்க அடுப்படிக்குப் போனேன்.

"ஏ புள்ள, அங்கனயே நில்லு!"

வாசலில் நின்ற அம்மாவின் குரல் அவள் குரலாகவே இல்லை. தம்பியைத் தரையில் உட்காரவைத்துவிட்டு ஓடிவந்து என் சடையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சேலையை உருவி எறிந்தாள். முதுகில் ஒரு அறை விழுந்தது. "மருந்துத் தூசி அம்புட்டும் அதுலதான இருக்கு? ஒரு பொறி பட்டாப் போதும்டி!" என்றாள்.

பிறகு என்னை டிரம் பக்கம் இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். எப்போதாவது குழாயில் வருகிற தண்ணீரைக் காத்திருந்து பிடித்து நிரப்பிய டிரம் அது. சீயக்காய் தேய்ப்பாள், ஊற்றுவாள், மறுபடி தேய்ப்பாள். அழுதுகொண்டே ஊற்றினாள். தண்ணீர் முருங்கையைத் தாண்டித் தெருவுக்கே ஓடியது. டிரம்மில் கடைசியாகக் கிடந்ததையும் சேலைமேல் கொட்டி, அதை ஈரத்தோடு கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அப்பா வந்ததும் அம்மா அவரிடம் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காலி டிரம்மைப் பார்த்தார். தம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் வைத்தாலே அரை நாள் பேசுகிறவர். இன்றைக்கு அம்மாவுக்கு இருக்கிறது என்று காத்திருந்தேன். அவரோ என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் புறப்பட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு கிழிசலைக்கூட வீணாக்காத எனக்கு அடி. டிரம் தண்ணீரைத் தெருவில் விட்டவளைக் கேட்க ஆளில்லை. சாப்பிட மாட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலை எப்போதோ காய்ந்துவிட்டது. அம்மா மட்டும் ஏன் விடாமல் துவட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.