கச்சிராயபாளையம் ரோட்டில் காலை நடை

எனக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். வளைகுடாவில் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலைக்குப் போனபோது, பன்னிரண்டு மணி நேர வேலையைவிட வெள்ளிக்கிழமை லீவுதான் என்னைக் கொன்றது. நாங்கள் தங்கிய கேம்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். லீவு நாளில் எல்லாரும் போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நான் நடந்தால், மின்விசிறிக்குப் போட்டியா என்று கேட்பார்கள்.

என்னை வெளியே இழுத்தவர் ஒரு கென்யாக்காரர், கேட்டில் செக்யூரிட்டி. வெயில் ஏறுமுன் கேம்ப் சுவரைச் சுற்றி ஓடுவார். கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரும் அவரோடு ஓடுவார். நாலு சுற்று முடிந்ததும் பிலிப்பைன்ஸ்காரர் பார்க்கிங்கில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போட்டு இடுப்பை வளைத்து ஆடுவார். அதுவும் எக்சர்சைஸ்தான் என்பார். முதல் வாரம் ஊர்க்காரன் எவனாவது வீடியோ எடுத்து அனுப்பிவிடுவானோ என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூன்றாம் வாரம் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. சுற்றும்போது வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் இரண்டு சுற்று கூடுதல். கிடங்குக்கு வேலை தந்துகொண்டிருந்த கம்பெனி விலகி, எங்களை இரண்டு மாத லீவில் போகச் சொல்லி, கூப்பிடுகிறோம் என்று முதலாளி சொன்ன வாரம், மூன்று பேரும் அதை மட்டுமே பேசினோம். யாரும் கூடுதல் சுற்றைக் கேட்கவில்லை. ஊருக்குப் போனாலும் நடப்பதை நிறுத்தாதே, நிறுத்தினால் யோசனை வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும் என்றார் கென்யாக்காரர்.

கள்ளக்குறிச்சியில் வந்து இறங்கியதும் லீவு என்று மட்டும் சொன்னேன். வேலை ஊசலாடுவதைச் சொல்லவில்லை. காரணம் என் தங்கச்சி. சங்கராபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்தில் அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் வைத்திருப்பது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன செருப்புக் கடை. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதை வைத்துத்தான் அங்கே பேச்சையே ஆரம்பித்திருந்தார். என் வேலை ஆட்டம் கண்டது தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்தேன். அதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சும்மா இருக்க முடியவில்லை. விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் மலையைப் பார்த்து நடந்தேன். ஒரு நாள் கோமுகி அணைவரைகூடப் போய்விட்டேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தலையில் சுமையோடு நடப்பார்கள். ஏன் நடக்கிறாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. டவுன்காரன் வெறும் கையை வீசிக்கொண்டு நடந்தால் விடமாட்டார்கள். பால் வண்டி நிற்கும், ஷேர் ஆட்டோ நிற்கும், கரும்பு டிராக்டர்கூட நிற்கும். ஏறிக்கொள்ளச் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. முதல் நாள் மறுத்தால் கூச்சம் என்பார்கள், இரண்டாம் நாள் திமிர் என்பார்கள். மூன்றாம் நாளும் மறுத்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

டீக்கடைக்காரர் நேராகவே கேட்டார், சுகரா என்று. இல்லை என்று சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. ஆமாம் என்றிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். சர்க்கரை நோயாளி நடந்தால் ஊரே வழிவிடும். முப்பது வயதில் சுகர் என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிட்டேன். நோயும் இல்லை, வேலையாகவும் போகவில்லை, பின்னே எதற்கு நடக்கிறான்? இரண்டே வாரத்தில் ஊர் விடை கண்டுபிடித்துவிட்டது. ஃபாரின் வேலை போய்விட்டதாம், பெட்ரோலுக்குக்கூட வழியில்லையாம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஷூ போட்டு நடந்ததைத் தவிர அவர்களுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாமல் எப்படி உண்மையைச் சொல்லலாம்?

"வூட்ல வண்டி நிக்குது. பைத்தியம் மாதிரி ஏன்டா நடந்துகினு கெடக்கற?" என்றார் அத்தா. சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்றும் கேட்டார். இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர் காலுக்கெல்லாம் நானே செருப்பு மாட்டிவிட்டேன், ஆனாலும் உடம்பு கொதித்தது. ஐந்தாம் வாரம் பிலிப்பைன்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். கேம்பைக் காலி செய்துவிட்டார்களாம், இனி யாரையும் கூப்பிட மாட்டார்களாம். அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நடந்தேன். அப்படியும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே அம்மா சோறு போட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னார். ஊர்ப் பேச்சு சங்கராபுரம்வரை போய்விட்டதாம். மாப்பிள்ளை தங்கச்சிக்கே போன் போட்டு நிஜமா என்று கேட்டாராம். இவள், அல்லா மேல் ஆணையாக எங்க அண்ணன் வேலை அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். ஒன்றும் அறியாத பிள்ளையை ஆணை போட வைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறி சங்கராபுரம் போனேன். கடையில் மாப்பிள்ளையும் அவர் அத்தாவும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். என் தங்கச்சிக்கு எதுவும் தெரியாது, அவள்மேல் குற்றம் இல்லை என்றும் சொன்னேன். பெரியவர் டீ வரவழைத்தார். வேலை போகும், வரும், தேடி வந்து சொன்னதே பெரிசு என்றார். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுவரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். இத்தனை வாரத்தில் நான் மறுக்காமல் ஏறிய ஒரே வண்டி அது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தங்கச்சியைக் கூப்பிட்டு நல்ல செய்தி போலச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு மொத வாரமே தெரியும். வேலை இருக்கறவன் இப்படியா நடப்பான்? தெரிஞ்சுதான் ஆணை போட்டேன்."

ஏன் என்றேன்.

"நீயே சொல்லாதப்ப நான் எப்டிண்ணே சொல்றது? உன்ன காட்டிக் குடுக்கச் சொல்றியா?" மடித்த துணியை அடுக்கிக்கொண்டே, "இன்னிக்கு அவரு கேப்பாரு, தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியான்னு. ரெண்டாவது வாட்டி பொய் சொல்ல என்னால முடியாது" என்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பேசினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று நாள் கழித்துச் நடுவில் நின்று சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் வந்தார். அண்ணன் வேலை போனது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லையாம். தெரிந்தே பொய்யாணை போடுகிற பெண்ணை வீட்டுக்குள் எடுக்கப் பெரியவருக்கு மனசு ஒப்பவில்லையாம். அத்தா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அழுதுகொண்டே இருந்தார்.

சங்கராபுரம் போய் வந்ததிலிருந்து நான் நடக்கப் போகவே இல்லை. அவர் வந்துபோன மறுநாள் காலை தங்கச்சி டீ கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் கோபமில்லை. நிஜமாகவே விசாரிப்பதுபோல்தான் கேட்டாள்.

"இப்பல்லாம் நல்லா தூங்கற இல்லண்ணே? நாலு நாளா உன் குறட்டை கேக்குது."

ஆமாம், தூங்கினேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.