மேல் போல்ட்

அக்கா வீட்டுப் படலைச் சாத்திவிட்டு செலியமேட்டிலிருந்து பாகூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பேருந்துக்கு நின்றிருக்கலாம். எனக்கு நிற்கத் தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் கால் இப்படித்தான்.

வழியில் ஒரு கார் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் சூடாகி ஒழுகினால் வெல்லப்பாகு மாதிரி மணக்கும். நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ என்னவோ, எனக்கு அந்த வாசனையைத் தாண்டிப் போக முடியாது. காரின் சொந்தக்காரர் குனிந்திருந்தார். அவர் கையில் இருந்த ஸ்பேனருக்குக் கழுத்து மடங்கியது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடங்கியது.

"கை புடிக்கணுமா தம்பி?" என்று கேட்டேன்.

"வேணாண்ணா, முடிஞ்சிடுச்சி. இந்த ஸ்பேனரு எந்தச் சந்துக்குள்ளயும் போவும். ஆன்லைன்ல போட்டேன், வூட்டுக்கே வந்துடுச்சி."

நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் முடித்திருந்தார். அதற்குமேல் அங்கே எனக்கு வேலையில்லை. நடந்தேன்.

பல வருஷத்துக்கு முன்னால் அக்கா புருஷனிடம், அதாவது என் மாமாவிடம், ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. கரும்பாலை வேலை நின்றபிறகு வாங்கியது. ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு காலை ஷிப்டுக்கு சேதராப்பட்டு கம்பெனியில் விடுவார், சாயங்காலம் கூட்டிவருவார். அந்த டிரிப் ஒன்றுதான் அந்த வீட்டின் அடுப்பு. திருப்பூர், ஓசூர் என்று சுற்றிவிட்டு அந்த அடுப்பில்தான் நானும் வந்து ஒட்டிக்கொண்டேன். கிளீனர் என்று பெயர். கதவை இழுத்துச் சாத்துவது வேலை. சிலசமயம் அதுவும் சரியாகச் சாத்தாது.

ஒருநாள் இன்ஜினில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஆம்னிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். வில்லியனூர் தாண்டினால் சீட்டைச் சுற்றிப் புகை கிளம்பும்.

"இன்னாண்ணே, சளி புடிச்சிருக்குதா வண்டிக்கு? ஆவி புடிக்குது" என்பாள் முன்சீட்டில் உட்காருகிற ஜோஸ்பின். பின்னால் எல்லாரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். அவர் கண் மட்டும் சூடு காட்டும் முள்ளைவிட்டு நகராது.

இன்ஜினுக்குப் பின்பக்கம் தண்ணீர் போகிற குழாய் ஒன்று. அதன் வாயில் இருக்கிற வளையம் செத்துவிட்டது. கழற்றி வேறு வளையம் வைத்தால் போதும். இரண்டே போல்ட். கீழே இருந்தது சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது. மேலே இருந்தது இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவில், விரல் மட்டும் நுழைகிற சந்தில் உட்கார்ந்திருந்தது.

வில்லியனூர் மெக்கானிக் எட்டிப்பார்த்துவிட்டு, "இன்ஜின எறக்கணும்பா. ஒரு வாரம் வுட்டுட்டுப் போ" என்றார்.

ஒரு வாரம் விட முடியாது. ஆள் பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் முன்பே சொல்லியிருந்தார்: "ஒரு நாள் வண்டி வரலன்னாலும் வேற வண்டி போட்டுடுவேன். என்னைத் தப்பா நெனக்காத." நல்ல மனுஷன்தான். சொன்னால் செய்வார்.

ஆகவே கம்பெனி லீவான ஞாயிற்றுக்கிழமைக்குள் நாங்களே முடிக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமே சீட்டைத் தூக்கிவிட்டு மாமா கவிழ்ந்தார். "கை போற எடத்துக்குக் கண்ணு போவல, கண்ணு போற எடத்துக்குக் கை போவலடா."

நான் ஒரு யோசனை சொன்னேன். அக்காவின் முகம்பார்க்கும் கண்ணாடியை உள்ளே பிடிப்பது. பிடித்தேன். போல்ட் தெரிந்தது. ஸ்பேனர் நுனி தொட்டது, கொஞ்சம் அசைந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது இரண்டு பேருக்குமே பிறகுதான் உறைத்தது. இருந்ததைவிட இறுக்கியிருந்தோம்.

ஞாயிறு காலை டவுனுக்குப் போய்க் கடை கடையாக ஏறினேன். "பத்தாம் நம்பர். இப்பிடிப் போயி, இப்பிடித் திரும்பி, இப்பிடி மேல ஏறணும்" என்று கையை வளைத்துக் காட்டினேன்.

"ஸ்பேனர் கேக்குறியா, பாம்பு கேக்குறியா?" என்றார் ஒரு கடைக்காரர்.

நடைபாதையில் பழைய இரும்பைக் குவித்து விற்கிற இடத்திலும் கிளறினேன். வளைந்தது இருந்தால் நம்பர் இல்லை, நம்பர் இருந்தால் வளைவு இல்லை. கடைசியில் ஒரு நேரான ரிங் ஸ்பேனரோடு வந்தேன்.

"நேரா இருந்தா இன்னாடா, வளைச்சிக்கினா போச்சி" என்றார் மாமா.

மாமாவின் பங்காளிக்குக் கரும்புத் தோட்டத்தை ஒட்டி வெல்லக் கொட்டாய் இருந்தது. பாகு கிண்டுகிற கரண்டியின் காம்பு வளைந்துபோனால், சக்கை எரிகிற அதே அடுப்பில் காய்ச்சித் தட்டி நேராக்குவார்கள். ஆறுவதற்குச் சாம்பலில் புதைத்து வைப்பார்கள். ஸ்பேனரும் இரும்புதானே. செக்கச்செவேல் என்று காய்ச்சி, குழாய்க்குள் விட்டு நெளித்து, சாம்பலில் ஆறப்போட்டோம். எடுத்தபோது வெல்ல வாசனை அடித்தது. உள்ளே விட்டால், அந்தச் சந்துக்கென்றே செய்ததுபோல் போல்ட்டின்மேல் போய் உட்கார்ந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்; அப்படி மலர்ந்த முகத்தை நான் எங்கேயும் கண்டதில்லை.

இழுத்தார். போல்ட் அசையவில்லை. ஸ்பேனரின் வாய் விரிந்துகொண்டது. கரண்டிக் காம்பு மெத்தென்று ஆனால் பாதகமில்லை. ஸ்பேனருக்கு அந்த விறைப்புதான் உயிர், சாம்பல் அதை உறிஞ்சிவிட்டது. போல்ட்டின் முனைகளும் மழுங்கி உருண்டையாகிவிட்டன. இனி உலகத்தில் எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. மாமா உளியை வைத்து அடித்தார். மூன்றாவது அடியோ நாலாவதோ, போல்ட் நுழைகிற குழாயின் காதே உடைந்து கையோடு வந்தது.

உடைந்த இடத்தில் இரும்பு ஒட்டுகிற பிசினைக் கலந்து அப்பினோம். இரவெல்லாம் காய்ந்தது. திங்கட்கிழமை காலை பெண்கள் ஏறினார்கள். வில்லியனூர் வரைக்கும் புகை இல்லை. தாண்டியதும் பிசின் பிய்த்துக்கொண்டது. முள் மேலே ஏறுவதை மாமா பார்த்தார், நானும் பார்த்தேன். ஷிப்டு மணி அடிப்பதற்குள் போய்விடலாம் என்று மிதித்தார். சேதராப்பட்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது.

"அண்ணே, நாங்க போறோம். லேட்டானா உள்ள வுட மாட்டாங்க" என்றாள் ஜோஸ்பின். கொஞ்ச தூரம் சென்றதும் எல்லாரும் ஓடினார்கள்.

மாமா சாவியைத் திருகிப் பார்த்தார். "இன்ஜினு இறுகிடுச்சிடா, இனி சுத்தாது" என்றார்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். கான்ட்ராக்டர் மறுநாளே வேறு வண்டி போட்டார். மாமா இறால் குட்டைக்குக் காவலுக்குப் போனார், குடிக்கப் பழகினார். அக்கா ஒருநாள் என்னிடம், "தூக்கத்துல கையத் திருப்பிக்கினே இருக்காருடா, எதையோ கழட்டுற மாரி" என்றாள். சோற்றுப் பானை சிறுத்துக்கொண்டு வந்தது. போ என்று அவள் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டால் ஒரு தட்டு மிச்சம், அவ்வளவுதான் கணக்கு. கிளம்பினேன்.

மாமா இப்போது இல்லை. வேனை வெட்டி எடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கொட்டாய் இருந்த இடத்தில் மனைக்கற்கள். சேதராப்பட்டுக்குக் கம்பெனி பஸ்ஸே வருகிறதாம், ஜன்னல் திறக்காத பஸ். இன்றைக்கு அக்காவிடம் மாமாவைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "அத வுடுடா" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்கா வீட்டைவிட்டு அன்று கிளம்பியவன் வெகுதூரம் போகவில்லை. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்பதால் சேதராப்பட்டுக்கே நடந்தேன். மறுநாள் காலை அந்தக் கம்பெனியின் வாசலில் காவலுக்குக் காக்கிச் சட்டை கொடுத்து நிறுத்தினார்கள். முதலில் வந்தது எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிய, கான்ட்ராக்டர் போட்ட புது வேன். நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.